ஊர்ப் பெயருக்குக் காத்திருந்த மூன்று பீப்பாய்கள்

இன்றைக்கு நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பே வரவில்லை. சொலான்ஜுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சொலான்ஜ் பெரோதான் என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் நிலவறைக்கும் என் நிலவறைக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அவள் போடும் சத்தம் என் பீப்பாய்களுக்கும் கேட்கும். எங்கள் மோன்ரோஷில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். மலைப்பாதையில் பனி உறைந்து கிடக்கும் காலத்திலும் ஒரு பிள்ளைக்குக்கூடச் சிராய்ப்பு வராமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பின்சீட்டில் எவனாவது வாலாட்டினால் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு எழுந்து வருவாள். இந்த ஊரில் இப்போது மீசை வைத்துத் திரிகிற பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தான். காலையில் பேருந்து, மதியத்துக்கு மேல் திராட்சைத் தோட்டம். கணவன் லோன் நகரத்துக்கு லாரி ஓட்டப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். அவன் போனதில் ஒரே நஷ்டம், கொடி வெட்டும் கத்திரியையும் கையோடு எடுத்துப்போனதுதான் என்பாள்.

எங்கள் ஒயின் பாட்டில் மேல் பெரிதாக இருப்பது ஊர்ப் பெயர். தயாரித்தவன் பெயர் அடியில், கண்ணாடி போட்டுத் தேடிப் படிக்கிற அளவில் இருக்கும். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதற்கு ஒரு நடைமுறை உண்டு. அறுவடைக்கு முன்னால் எங்களுக்குள்ளேயே ஐந்து பேரைப் பொறுக்கி எடுப்போம். அவர்கள் ஒவ்வொருவர் தோட்டத்துக்கும் நடந்துபோய், பழத்தைக் கடித்துப் பார்த்து, இந்த வருடம் பெயருக்குத் தகுதி உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி தோட்டமானாலும் முகதாட்சண்யம் கிடையாது. நானும் அந்த ஐவரில் ஒருவன். இதனால் என் மச்சான் என்னோடு இரண்டு கிறிஸ்துமஸ் பேசவில்லை. குழுவுக்குத் தலைவர் அர்மான் அண்ணன். அவர் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

ஒரு வருடம் அறுவடை மாதம் முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. குலைகள் எல்லாம் சாம்பல் பூத்துப்போயின. அர்மான் அண்ணன் தோட்டமும் என் தோட்டமும் அதே கதிதான். சொலான்ஜின் தோட்டம் மட்டும் பாறைச் சுவருக்கு அடியில், வெயில் பார்த்த சரிவில் இருந்ததால் தப்பித்தது. பழம் தேனாக இருந்தது, கடித்துப் பார்த்த எனக்குத் தெரியும்.

அப்படியும் குழு முடிவு செய்தது: இந்த வருடம் மோன்ரோஷ் பெயரில் ஒரு பாட்டில்கூட வெளியே போகக் கூடாது.

சொலான்ஜ் கொடிகளுக்கு நடுவில் நின்று அர்மான் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பழத்துல என்ன குறை? சொல்லுங்க அண்ணே! வாயத் தொறந்து சொல்லுங்க!"

"உன் பழத்துல ஒரு குறையும் இல்லம்மா."

"அப்புறம்?"

"உனக்கு மட்டும் விட்டா, விடியறதுக்குள்ள ஊர்ல இருக்கிற அழுகல் பழமெல்லாம் உன் பழமாயிடும். எல்லாரும் உன் கொட்டகைக்குத்தான் வண்டி கட்டிட்டு வருவான். நானே வந்தாலும் வருவேன். வாங்கறவன் உன் பாட்டிலு, என் பாட்டிலுன்னா பாத்து வாங்கறான்? பேரப் பாத்துல்ல வாங்கறான்."

"அப்ப அந்தப் பேரையே ஊற வச்சுக் குடிங்க!" என்றாள் சொலான்ஜ். அன்று சாயங்காலமே அந்தப் பெயருக்கான சங்கத்திலிருந்து விலகிவிட்டாள்.

அதற்குப் பிறகு சமவெளியிலிருந்து வரும் ஒரு வியாபாரிக்குப் பழத்தை அப்படியே கொடுத்துவிடுவாள். அது எங்கெங்கோ இருந்து வரும் பழங்களோடு கலந்து, ஊரும் பேரும் இல்லாத ஒயினாகிப் போகும். அர்மான் அண்ணன் எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவாள். அவர் பேச்சு வந்தால் 'அந்தாளு' என்பாள். அவரும் ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் பேரனை ஏற்றிவிட வரும்போது மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான்தான்.

அவள் மனம் மாறியது கோடைக்காலத்தில். பள்ளி விடுமுறைக்குச் சுற்றுலா வண்டி ஓட்டுவாள். ஒரு தடவை பெல்ஜியத்திலிருந்து ஒரு வண்டி நிறைய ஆட்கள். கீழே நெடுஞ்சாலையில் 'மோன்ரோஷ்' என்ற பலகையைப் பார்த்ததும் கைதட்டினார்களாம். அந்தப் பெயரை நம்பி அவ்வளவு தூரம் வந்தவர்கள். முன்சீட்டில் இருந்த ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார், "இந்த ஊர்க்காரங்கதானே நீங்க? உங்க பாட்டில் எது? அதையே வாங்கிக்கறேன்."

"எனக்குன்னு ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதைச் சொன்னபோது வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். அந்த வருட அறுவடைக்கு முன்பே திரும்பவும் சங்கத்தில் சேர்ந்தாள். அர்மான் அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவளும் அவர் முகத்தைப் பார்க்காமல் தாளை வாங்கிக்கொண்டாள்.

அதுவரை மற்றவர்களுக்குப் பழம் மட்டும் கொடுத்துவந்தவள், முதல் முதலாகச் சொந்தமாக மூன்று பீப்பாய் ஒயின் போட்டாள். எங்கள் ஒயினைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பீப்பாயில் ஊற்றி அடைத்த பிறகு ஆறு வருடத்துக்கு மேல் அதைத் தொடக் கூடாது. வருடா வருடம் பீப்பாய் தானே கொஞ்சம் குடித்துக்கொள்ளும், ஒயின் மட்டம் இறங்கும். இறங்கினால் இறங்கட்டும். மேலே காற்று நிற்கிற இடத்தில், காய்ச்சிய பாலில் படிகிற மாதிரி ஒரு ஆடை படியும். அந்த ஆடைதான் எல்லாம். வால்நட் பருப்பு வாசனையும் அந்த மஞ்சள் நிறமும் அதனால் வருவதுதான். ஆடை கிழிந்தால் ஒயின் வேறு எதுவாகவோ ஆகிவிடும், பெயரும் போய்விடும். ஆகவே குறைந்த பீப்பாயில் யாரும் எதையும் ஊற்ற மாட்டோம். எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

ஆனால் பர்கண்டிக்காரனுக்குத் தெரியாது.

ஐந்தாம் வருடம் சொலான்ஜுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. லோன் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு, அங்கேயே நடைப் பயிற்சிக்கும் தங்க வேண்டியிருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ள மகளும் மருமகனும் பர்கண்டியிலிருந்து வந்தார்கள். மருமகன் பாஸ்தியான் தங்கமான பையன். சும்மா இருக்கவே தெரியாது, அதுதான் அவனிடம் உள்ள ஒரே வியாதி. வேலியைச் சரிசெய்தான், கூரை ஓட்டை மாற்றினான், என் வீட்டுக் கதவுக்கும் கேட்காமலே எண்ணெய் விட்டான். அவன் அப்பா பர்கண்டியில் நிலவறை வேலைக்காரர். அந்தப் பக்கத்தில் பீப்பாய் ஒரு விரல் குறைந்தாலும் உடனே நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால் ஒயின் கெட்டுவிடும். நிரப்பாமல் விட்டவனைச் சோம்பேறி என்பார்கள்.

அவன் நிலவறையில் இறங்கிப் பார்த்தான். மூன்று பீப்பாயும் அரைச் சாண் குறைந்து கிடந்தன. பாவம் அத்தை, கால் வலியில் கவனிக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

சொலான்ஜ் ஊன்றுகோலோடு வீடு திரும்பிய அன்று அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்: "அத்தை, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. கொறஞ்சு கெடந்த பீப்பாய நான் நிரப்பிட்டேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அதனால்தான் பயந்தேன். சொலான்ஜ் வீட்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகியும் யாரையும் திட்டவில்லை என்றால் ஏதோ விபரீதம் என்று கிளம்பிப் போனேன்.

அவள் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். மகள் அழுதுகொண்டிருந்தாள். பாஸ்தியான் நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிளோவி," என்றாள் என்னிடம், "இவன் நிரப்பிட்டான்."

"எத?"

"எதயா? உன் தலைய! பீப்பாயத்தான்."

நான் அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க ஊர்ல..." என்று பாஸ்தியான் ஆரம்பித்தான்.

"உங்க ஊரக் கொண்டுபோய் உங்க ஊர்லயே வையி!" என்றாள். சத்தம் வந்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

எனக்குள் ஒரு குறுக்குப் புத்தி ஓடியது. இது எங்கள் நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஆடை திரும்பப் படிந்தாலும் படியும். ஆறு வருடம் முடிந்து, பெயர் தருவதற்கு முன் எங்கள் குழு ருசி பார்க்கிற கூட்டத்தில் எண் போட்ட கோப்பையில்தான் வைப்பார்கள், யாருடையது என்று தெரியாது. ஒருவேளை தேறிவிடலாம். குழுவில் இருக்கிறவன் இப்படி யோசிக்கலாமா என்று கேட்காதீர்கள், அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

"யாருக்குத் தெரியப்போவுது, சொலான்ஜ்?" என்றேன் மெதுவாக.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பின்சீட்டில் வாலாட்டினவனைப் பார்க்கிற அதே பார்வை.

"தேறாதத தேறுன மாதிரி வித்துட்டேன்னு வையி. அந்த பெல்ஜியத்துப் பெரியவர் வாங்கிட்டுப் போயி, பேரப் புள்ளைங்க நடுவுல தொறக்கறாரு. வாயில வச்சதும் மூஞ்சியச் சுளிக்கிறாரு. சொலான்ஜ் ஏமாத்திட்டாள்னா சொல்லுவாரு? சொலான்ஜ் யாருன்னே அவருக்கு ஞாபகம் இருக்காது. மோன்ரோஷ் இவ்வளவுதானான்னு சொல்லுவாரு. உன் பாட்டிலும் போச்சு, எல்லாரு பாட்டிலும் போச்சு."

சொல்லிவிட்டு ஊன்றுகோலைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். தன் வாயிலிருந்து யாருடைய பேச்சு வந்தது என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"போயி அந்தாளக் கூட்டிட்டு வா" என்றாள்.

அர்மான் அண்ணன் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த தீனியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்க் பீப்பாயிலிருந்து ஒயின் இழுக்கும் கண்ணாடிக் குழாயையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு வந்தார். சொலான்ஜ் வீட்டு வாசலை அவர் தாண்டி எத்தனையோ வருடமாயிற்று. இருந்தும் நிலவறைப் படியில் எந்தக் கல் ஆடும் என்று மறக்காமல் அதைத் தாண்டி இறங்கினார். சொலான்ஜ் ஊன்றுகோலை ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்னால் வந்தாள். மகள் தடுத்தும் கேட்கவில்லை.

முதல் பீப்பாயின் அடைப்பைத் திறந்தார். ஒயின் விளிம்பு வரை நின்றது. மேலே சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக, திரிந்த பால் மாதிரி மிதந்தது. இரண்டாவதும் அப்படியே. சொலான்ஜ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். என் காதில் அவள் மூச்சு கேட்டது.

"எத ஊத்தி நிரப்புன தம்பி?" என்று அர்மான் அண்ணன் பாஸ்தியானைக் கேட்டார்.

"வெளியிலேருந்து எதுவும் ஊத்தலைங்க. வேற ஒயின் கலந்தா தப்பில்லையா? அதனால மூணாவது பீப்பாயிலேருந்தே எடுத்து இது ரெண்டுலயும் ஊத்துனேன்."

"எப்படி எடுத்த?"

"குழாய உள்ள விட்டு அடியிலேருந்து இழுத்தேன். மெதுவாத்தான் இழுத்தேன். கலங்கிடக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு."

அர்மான் அண்ணன் மூன்றாவது பீப்பாயைத் திறந்து, விளக்கை உள்ளே பிடித்து, ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. இருமல் வருகிறதோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மனிதர் சிரிக்கிறார்.

"வந்து பாரு" என்றார் சொலான்ஜிடம். "பாதி பீப்பாய் காலி. ஆனா ஆடை அப்படியே ஒயினோட சேந்து கீழ எறங்கியிருக்கு. குழாய் போன எடத்துல மட்டும் சின்ன ஓட்டை. அது தானா மூடிக்கும். உன் மாப்ள கிழிக்கல, எறக்கி வச்சிருக்கான்."

சொலான்ஜ் ஊன்றுகோலை எறிந்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. நிமிர்ந்து பாஸ்தியானைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள், பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

மற்ற இரண்டிலும் நிரப்பியதை எடுத்துவிடச் சொன்னார் அர்மான் அண்ணன். எடுத்ததை மூன்றாவதில் திருப்பி ஊற்றலாமா என்று நான் கேட்டதற்கு, "ஒரு சொட்டு ஊத்துனாலும் நானே பேர வெட்டிடுவேன்" என்று ஒரே போடாகப் போட்டார். அந்த இரண்டு பீப்பாய்க்கும் இன்றிலிருந்து முதல் நாள், கணக்குத் திரும்பவும் ஆரம்பம் என்றும் சொல்லிவிட்டார். சொலான்ஜ் தலையாட்டினாள், வாதாடவில்லை.

கிளம்புகிற மாதிரி படி ஏறிய மனிதர் பாதியில் நின்றார்.

"தானா படியறதுக்கு நாளாகும். அதுக்குள்ள புளிச்சாலும் புளிச்சுடும். இரு" என்றார்.

போனவர் ஒரு சின்னக் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு வந்தார். தன் பீப்பாயின் ஆடையில் ஒரு கரண்டி எடுத்திருந்தார். எங்கள் ஊரில் பெற்ற மகனுக்குக்கூட அதைக் கொடுக்க யோசிப்பார்கள், ஆடையைத் தொட்டால் தன் ஒயின் கெட்டுவிடுமோ என்று. தயிருக்கு உறை ஊற்றுவது போல இரண்டு பீப்பாயிலும் பாதிப் பாதியாக மிதக்க விட்டார்.

"எதுக்கு அண்ணே?" என்றாள் சொலான்ஜ். அவள் வாயில் 'அண்ணே' வந்து எத்தனை காலம்!

"எதுக்கா? நாளைக்கு உன் பாட்டில் கெட்டா எனக்குத்தான அசிங்கம்" என்றார் வெடுக்கென்று. மேகத்தைப் பார்க்க அங்கே வழியில்லாததால் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எடுத்த ஒயினை என்ன செய்வது? கோழிக் குழம்பு வைத்தோம். பாலேடும் காளானும் போட்டு, அந்த ஒயினைத் தாராளமாக ஊற்றி, தெருவே சாப்பிட்டது. கோழி அர்மான் அண்ணன் வீட்டுக் கோழி. இவ்வளவு விலையுயர்ந்த குழம்பை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிடப்போவதில்லை.

மறு வசந்தத்தில் இரண்டு பீப்பாயிலும் ஆடை படிந்துவிட்டது. சொலான்ஜ் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிள்ளை பிறந்த வீடு மாதிரி ஊரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஆறு வருடக் கணக்கு முடிந்து மூன்றாவது பீப்பாய்க்கு முறை வந்தது. ருசி பார்க்கும் நாளன்று ஐந்து பேரும் உட்கார்ந்தோம். எண் போட்ட கோப்பைகள் வரிசையாக வந்தன. சொலான்ஜ் வெளியே நடைபாதையில் நடந்துகொண்டிருந்தாள், அவள் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. எந்தக் கோப்பை அவளுடையது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஒன்றைத் தள்ளினோம். யார் வயிற்றில் அடித்தோமோ என்று மனம் பதைத்தது. அடுத்த கோப்பையில் வால்நட் வாசனை தூக்கலாக, அடியில் லேசாக உப்புக் கரித்தது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு வாய் குடித்தேன்.

அர்மான் அண்ணன் அதை நாக்கில் வெகுநேரம் வைத்திருந்தார். "யாரோடதுன்னு தெரியல" என்றார். "ஆனா நம்மளுது."

எண்ணைப் பிரித்துப் பார்த்தால் அது சொலான்ஜினுடையது. நான்தான் வெளியே ஓடினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் அப்படியே நடைபாதைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், புது முழங்கால் என்பதையும் மறந்து. தள்ளின கோப்பை என்னுடையது. அதை அப்புறம் சொன்னார்கள். அந்த நேரத்தில் எனக்கு அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை.

பாதி பீப்பாய்தானே, பாட்டில் கொஞ்சம்தான் தேறியது. பேருந்தின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒன்றை வைத்திருந்தாள், பெயர் வெளியே தெரிகிற மாதிரி. இன்னொன்றை பெல்ஜியத்துக்கு அனுப்பினாள். முதல் பாட்டிலைத் திறந்தபோது அர்மான் அண்ணனையும் என்னையும் மேசைக்குக் கூப்பிட்டாள். மகளும் பாஸ்தியானும் வந்திருந்தார்கள். பீப்பாய் நிரப்பிய அந்த விவகாரத்துக்குப் பிறகு அவனுக்கு நிலவறைப் படியில் கால் வைக்கத் தடை. இப்போதும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றான்.

சொலான்ஜின் கோப்பையில் ஒயின் குறைந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பாட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

சொலான்ஜ் கோப்பையை அவன் பக்கம் நீட்டினாள்.

"ஊத்து மாப்ள" என்றாள். "விளிம்பு வரைக்கும் ஊத்து."